ரேகை விழுந்த காலணா

செண்பகனூர்
12.10.2003

சகாயராணிக்கு,

இந்தக் கடிதம் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைப் பற்றியது. வேறு எதற்கும் இல்லை.

பச்சைப் பிடி போட்டது. என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். என் பழங்காசுப் பலகையின் மூலைத் திருகுகளுக்கு அது ஒன்றுதான் பொருந்தும். ஆகஸ்டில், திருவிழாவுக்கு முந்தின நாள், நீதான் அதைக் கடைசியாக எடுத்தவள். எடுத்த இடத்தில் வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது. அலமாரி, கட்டிலடி, அடுப்புக்குப் பின்னால் எல்லாம் தேடிவிட்டேன்.

போனிலேயே கேட்டிருப்பேன். பெருமாள்மலை வரைக்கும் பஸ்ஸில் போய் அங்கிருக்கிற பூத்திலிருந்து இரண்டு தடவை பேசினேன். செண்பகனூர் பூத்தில் பேசினால் அடுத்த பஸ் வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. இரண்டு தடவையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். இரண்டாவது தடவை பின்னால் பேரன் அழுகிற சத்தம் கேட்டது. சளியா?

பக்கத்து வீட்டு மூக்கம்மா வாசல் கூட்டும்போதெல்லாம், "அக்கா எப்ப வாறாங்க அண்ணே?" என்று கேட்கிறாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் அந்த "வாறாங்க" அவளை விட்டுப் போகவில்லை. பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, அதனால் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பல் முளைக்க எத்தனை மாதம் ஆகும் என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

பலகையை அன்றைக்குப் பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளியதுதான். இப்போது பிரித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறது. அதனால்தான் ஸ்க்ரூ டிரைவர்.

சிலுவைராஜ்


கோயம்புத்தூர்
25.10.2003

ஜூலியட் அப்பாவுக்கு,

ஸ்க்ரூ டிரைவர் தையல் மிஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்குள் இருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. இத்தோடு ஒட்டித் தபாலில் போட்டிருப்பேன். ஆனால் ஜூலியட் வாங்கிக் கொடுத்த இன்லாண்டு லெட்டரில் இடம் நிறைய மிச்சமிருக்கிறது.

முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு எழுதுகிறீர்கள். "அன்புள்ள" என்று போட்டால் பேனா மை தீர்ந்துவிடுமா?

நான் என்ன செய்துவிட்டேன்? சலேத் மாதா திருவிழாவுக்கு முந்தின நாள் மெழுகுவர்த்தித் தண்டு, பித்தளைச் சொம்பு, பாடுபட்ட சிலுவைச் சுரூபம் எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். வருஷா வருஷம் செய்வதுதான். தேர் வாசலுக்கு வரும்போது வீட்டில் ஒரு சாமான் கறுத்துக் கிடக்கக்கூடாது. அப்போது உங்கள் பலகை கண்ணில் பட்டது. மறுநாள் பங்கு மண்டபக் கண்காட்சியில் நாலு பேர் பார்க்கப்போகிற செப்புக்காசு எல்லாம் கரிச்சட்டி மாதிரி இருந்தது. திருகைக் கழற்றினேன். ஒவ்வொரு காலணாவாக எடுத்துத் தேய்த்தேன், கழுவினேன், துடைத்தேன், அததன் ஓட்டையில் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்தினேன். மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. சாயங்காலம் நீங்கள் வந்து பார்த்து அசந்துபோவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ பிரித்தே பார்க்காமல் பலகையைத் துணியோடு தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டீர்கள்.

பழைய காசைத் தேய்க்கக்கூடாது, அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதில்லை. "தொடாத" என்றுதான் இத்தனை வருஷமும் சொன்னீர்கள். ஏன் என்று ஒரு நாள் சொன்னதுண்டா?

மதுரையிலிருந்து பரிசு கொடுக்க வந்தாரே, தண்டாயுதபாணி சார், அவர் கேட்டது தப்பில்லை. "யாருங்க இத இப்பிடிப் போட்டு வெளக்குனது? நூறு வருசத்து நெறம் போச்சே!" என்று கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பாத்தரம் தேய்க்கிறவளுக்கு என்ன சார் தெரியும், எதக் கண்டாலும் தேய்ப்பா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நான் பின்னால் பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆமாம், நான் பாத்திரம் தேய்க்கிறவள்தான். போர்டிங் ஸ்கூல் சமையல்கட்டில் ஐஸ் தண்ணியில் கை விட்டுத் தேய்த்தவள். அது உங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததா?

சரி, ஒரு விஷயம். ஜூலியட்டுக்கு மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை ஆக்னலும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டார். வருகிற ஜூனில் போகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிடுகிறாள். போனால் இரண்டு வருஷம். ஆக்னலின் அம்மாவும் வருவதற்குத் தயார்தான், ஆனால் ஜூலியட்டுக்கு நான்தான் வேண்டுமாம். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாகிவிட்டது.

உங்கள் யோசனை என்ன? எழுதுங்கள். போனில் வேண்டாம். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்கிறது.

சகாயராணி

பிள்ளைக்குச் சளி போய்விட்டது.


செண்பகனூர்
16.11.2003

அன்புள்ள சகாயராணிக்கு,

(போட்டுவிட்டேன்.)

மஸ்கட் விஷயம்: உன் இஷ்டம். ஜூலியட்டுக்கும் ஒத்தாசையாக இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது. பலகையை எடுத்துத் துடைத்தேன். உனக்கு இதைப் பற்றி நான் ஒன்றுமே சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய். அது ஒரு வகையில் சரிதான், அதனால் சொல்கிறேன்.

நான் டவுன் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்த புதிதில் ஒரு அமெரிக்க வாத்தியார் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போனார். அவருடைய பெட்டிகளை நான்தான் பஸ் மேலே ஏற்றினேன். அப்போது என் பையில் கிடந்த ஒரு பழைய காலணாவைப் பார்த்துவிட்டு, உனக்கும் இந்தக் கிறுக்கு உண்டா என்று கேட்டு, அவர் வைத்திருந்த பலகையைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று அடுக்கு. மேலும் கீழும் கண்ணாடி மாதிரிக் கெட்டிப் பிளாஸ்டிக். நடுவில் கறுப்பு, அதில் வட்ட வட்ட ஓட்டை. காசை எந்தக் கையும் படாமல் தலையும் பார்க்கலாம், பூவும் பார்க்கலாம். அந்த ஓட்டைகள் அவர்கள் ஊர்க் காசுக்காக வெட்டியவை. நம் காலணா அதைவிட ஒரு நூல் பெரிது. நான்தான் ஒவ்வொரு ஓட்டையையும் வட்ட அரத்தால் ராவி ராவிப் பெரிதாக்கினேன். அப்போது ஜூலியட் உன் வயிற்றில் இருந்தாள். "ராவுற சத்தத்துல பிள்ள பல்லக் கடிச்சுக்கிட்டே பெறக்கும்" என்று சொல்வாய்.

இப்போது மேல் பலகையில் ஒரு ஓரம் மஞ்சளடித்திருக்கிறது. ஆனாலும் நல்ல பிளாஸ்டிக். மதுரையில் விற்கிற வளைகிற பிளாஸ்டிக் உறை இரண்டே வருஷத்தில் பிசுபிசுத்துப் பச்சையாகக் கசியும். மூக்கம்மா கொடுத்த இலங்கைச் சதங்களை அதில் போட்டு வைத்து வீணாக்கினேன். இது முப்பது வருஷமாக ஒன்றும் செய்யவில்லை.

காசுகள்தான் பார்க்கச் சகிக்கவில்லை. தோலுரித்த மாதிரிச் சிவந்து கிடக்கின்றன. மாற்றலாமா என்று பார்க்கிறேன். மாற்றுவதற்குக் காலணாவுக்கு எங்கே போவது?

அடுப்பு சரியாக எரிவதில்லை. இங்கே மழை. போர்த்துகிற கம்பளி எங்கே இருக்கிறது என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம் என்று நானே தேடி எடுத்துவிட்டேன்.

சிலுவைராஜ்


கோயம்புத்தூர்
20.12.2003

ஜூலியட் அப்பாவுக்கு,

ஒரு பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக். எனக்கு ஒரு வரி. "உன் இஷ்டம்."

என் இஷ்டத்தைக் கேட்டா நான் எழுதினேன்? உங்கள் இஷ்டத்தைக் கேட்டேன். ஓட்டையை ராவியது, நூல் அளவு, மஞ்சள் ஓரம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன் என்று ஆக்னல் கேலி செய்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு ஜூலியட் உங்களை வரச் சொல்கிறாள். நான் சொல்லவில்லை, அவள் சொல்கிறாள். வந்தால் ஸ்வெட்டர் இல்லாமல் வரவும், இங்கே வியர்க்கும்.

இனி எழுதினால் காசைப் பற்றி எழுதாதீர்கள்.

சகாயராணி


செண்பகனூர்
18.1.2004

அன்புள்ள சகாயராணிக்கு,

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. ஜூலியட் கூப்பிட்டு வருவதற்கு எனக்கு என்னவோ போலிருந்தது. கேக்கை அனுப்பியிருந்தாய், மூக்கம்மாவுக்கும் கொடுத்தேன்.

காசைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்துதான் பார்த்தேன். முடியவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, இதை மட்டும் படித்துவிட்டுத் திட்டு.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று பூசை முடிந்து வந்தேன். பத்து நாளாக மூடியிருந்த பனி விலகி ஜன்னலில் நல்ல வெயில். பலகையை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். முதல் வரிசை முதல் காலணாவில் ராஜா முகத்தில் ஒரு கறை. பிளாஸ்டிக்கில் அழுக்கு என்று நினைத்துத் துண்டால் துடைத்தேன். போகவில்லை. திருகைக் கழற்றி உள்பக்கம் துடைத்தேன். அப்போதும் போகவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

ரேகை, சகாயம். கட்டைவிரல் ரேகை. சுழித்துச் சுழித்து வந்த கோடெல்லாம் நடுவில் ஒரு இடத்தில் அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. ஸ்கூல் சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்கும்போது அரிவாள்மனை இழுத்துவிட்ட தழும்பு. ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாய். வேறு யாருக்கும் அப்படி ஒரு கட்டைவிரல் கிடையாது.

இதற்குக் காரணம் உண்டு. பழைய கறுப்பு என்பது காசுக்கு ஒரு தோல் மாதிரி. புளி அதை உரித்துவிட்டது. உரித்த செம்பில் உன் விரல் ஈரமும் எண்ணெயும் பட்டது. பட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கொடைக்கானல் ஈரத்தில் ஐந்து மாதம் உள்ளேயே இருந்து இப்போது கறுத்து எழும்பியிருக்கிறது. நாணயக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது. உன்னையும் ஜூலியட்டையும் இத்தனை வருஷம் தொடவிடாமல் நான் குதித்தது இதற்குப் பயந்துதான்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வருகிறது. இன்றைக்கு ஒரு காசில் விளிம்பு மட்டும் தெரிந்தால் நாலு நாளில் முழுதாகத் தெரிகிறது. காலையில் எழுந்ததும் இதைத்தான் பார்க்கிறேன். நீ இடது ஓரத்திலிருந்து தொடங்கியிருக்கிறாய். முதல் வரிசையில் நல்ல அழுத்தம். மூன்றாவது வரிசைக்கு வரும்போது களைத்திருக்கிறாய், கோடு லேசாக இருக்கிறது. ஒரு காசை இரண்டு தடவை அழுத்தியிருக்கிறாய். அந்த ஓட்டையை நான் சரியாக ராவவில்லை.

பேப்பரில் சுற்றி வைக்க மனசு வரவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.

வீடு வீடாக இல்லை. காபி போட்டால் இரண்டு டம்ளர் போட்டுவிடுகிறேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. சிரித்தது அதைவிடத் தப்பு.

சிலுவைராஜ்


கோயம்புத்தூர்
15.2.2004

ஜூலியட் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கிவிட்டு அடித்துவிட்டேன், பாருங்கள். நலமில்லாதபோது ஏன் பொய் எழுத வேண்டும்?

உங்கள் கடிதத்தை ஜூலியட் முதலில் படித்துவிட்டாள். "அப்பா இப்பிடியெல்லாம் எழுதுவாராம்மா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் என் கட்டைவிரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தழும்பு இருக்கிறது. ஆனால் கை மிருதுவாகிவிட்டது. இங்கே பாத்திரத்துக்கு ஒரு பெண் வருகிறாள். என்னைத் தொட்டித் தண்ணியில் கை வைக்க விடுவதில்லை. என் கைக்குச் சோலியே இல்லை.

இங்கே துணி போட்ட கையோடு காய்ந்துவிடுகிறது. அங்கே மூன்று நாள் கொடியில் கிடந்தும் காயாத துணியை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! இப்போது திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வெள்ளனே எழுந்து ஜன்னலைத் திறந்தால் பனி இல்லை, எதிர் வீட்டுச் சுவர்தான் இருக்கிறது. பிள்ளை மட்டும் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும். இப்போது அவன் என் தழும்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான்.

நீங்கள் எழுதியதைப் படித்து மனசு இளகவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். ரேகையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? கை இங்கே இருக்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை அது. அதை வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கடிதத்தில் எப்படித் திருப்பி எடுப்பீர்கள்? அன்றைக்குச் சிரித்தவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறார்களா? நான் அங்கே வந்து, காய்கறிக் கடையில் அவர்களில் ஒருத்தரைப் பார்த்தால், அவர் என்னைப் பார்த்து என்ன நினைப்பார்? "எதக் கண்டாலும் தேய்ப்பா." அதைத்தான் நினைப்பார்.

ஜூன் ஒன்பதாம் தேதிக்கு டிக்கெட் போடப்போகிறார்கள். யார் பெயருக்கு என்று மே கடைசிக்குள் ஜூலியட்டுக்குச் சொல்ல வேண்டும்.

சகாயராணி


(தபால் கார்டு)

செண்பகனூர்
2.3.2004

அன்புள்ள சகாயத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்டதற்குக் கடிதத்தில் பதில் சொன்னால் போதாது. மே மாதம் சீசனுக்கு மண்டபத்தில் மறுபடி கண்காட்சி வைக்கிறார்கள். அது முடிந்ததும் எழுதுகிறேன். அதற்குள் டிக்கெட் போட்டுவிட வேண்டாம் என்று ஜூலியட்டிடம் சொல்.

இது திறந்த கார்டு, தபால்காரர் படிப்பார். அதனால் இவ்வளவுதான்.

சிலுவைராஜ்


செண்பகனூர்
19.5.2004

அன்புள்ள சகாயத்துக்கு,

நேற்றுக் கண்காட்சி. இன்றைக்குக் காலை பூசைக்குக் கூடப் போகாமல் இதை எழுதுகிறேன்.

பலகையை நான் மாற்றவில்லை. எப்போதும் ஒவ்வொரு காசுக்கும் கீழே ஒரு துண்டுச் சீட்டில் வருஷமும் அடித்த ஊரும் எழுதி ஒட்டுவேன் அல்லவா? இந்தத் தடவை அதையெல்லாம் எடுத்துவிட்டேன். மேலே ஒரே ஒரு சீட்டு. "காலணாக்கள். சேர்த்தது சிலுவைராஜ். தேய்த்துப் பொருத்தியது சகாயராணி." பலகையை வெளிச்சம் விழுகிற ஜன்னல் பக்கம் நிறுத்தி வைத்தேன். ரேகை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

தண்டாயுதபாணி சார் வந்தார். லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு, "என்னங்க சிலுவைராஜ், போன வருசந்தான் வெளக்குன காசு, இந்த வருசம் கைரேக வேறயா? இத வெரசா எடுத்து உள்ள வச்சிருங்க. எங்கிட்ட நல்ல காலணா கெடக்கு, தர்றேன், மாத்திக்கிடலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"வேணாம் சார். இது இப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

"ஏங்க, பாக்குறவுக சிரிப்பாகங்க."

போன தடவை சிரித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் சுற்றி நின்றார்கள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் எத்தனையோ வருஷம் கத்தி டிக்கெட் கொடுத்தவன், நேற்று எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தேடினேன். ஆனாலும் சொன்னேன்.

"போன தடவ இதே எடத்துல சிரிச்சோம் சார். நானுஞ் சிரிச்சேன். இது எம் பொண்டாட்டி வெரலு. பழைய காச வெளக்கப்படாதுன்னு நான் அவகிட்டச் சொன்னதே இல்ல. நாளைக்கு நாலு பேரு பாக்கப் போறாகளே, எம் புருசன் காசு கறுத்துக் கெடக்கக்கூடாதேன்னு, மத்தியானம் பூரா ஒக்காந்து தேய்ச்சா. பாத்தரம் தேய்க்கிறவன்னு நான் எளக்காரமாச் சொன்னேன். அந்தக் கையிதான் சார் எங் குடும்பத்த நிமித்துச்சு. நான் சொன்னது தப்பு. இத்தன பேரும் அன்னைக்கிக் கேட்டீங்க, இன்னைக்கி இதையுங் கேட்டுக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. தண்டாயுதபாணி சார் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பரிசுக்கு உள்ள வரிசையிலிருந்து என் மேசையை எடுத்துக் கதவுப் பக்கம் போட்டுவிட்டார்கள். எடுக்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் சட்டம். ஆனால் சகாயம், கதவுப் பக்கம்தானே எல்லாரும் வந்து போகிறார்கள்? மதுரையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு அம்மா தன் கட்டைவிரலைப் பிளாஸ்டிக்குக்கு மேலே வைத்து, உன் ரேகையோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூக்கம்மா வந்தாள். சீட்டை அவளுக்குப் படிக்கத் தெரியாது. பலகையைப் பார்த்ததுமே, "இது அக்கா வெரலுதானே?" என்றாள். தழும்பை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். உடனே சேலை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது நான் சொல்ல வந்தது.

இந்த ரேகை நிலைக்காது. கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன். ரேகையைச் சுற்றியுள்ள செம்பும் மெதுவாகக் கறுக்கத் தொடங்கிவிட்டது. இந்த ஊர் ஈரத்தை எந்தப் பிளாஸ்டிக்காலும் தடுக்க முடியாது. இன்னும் இரண்டு வருஷம் போனால் காசு முழுக்க ஒரே கறுப்பாகி உன் ரேகை அதற்குள் அமுங்கிவிடும். தண்டாயுதபாணி சார் அப்போது சந்தோஷப்படுவார். எனக்கு அந்தக் கறுப்பு வேண்டாம்.

நவம்பரில் உன் இஷ்டம் என்று எழுதினேன். அது பொய். போக வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வீம்பு விடவில்லை. என் இஷ்டம் இதுதான்: நீ போகாதே. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. காசைத் தொடு, பலகையைத் தொடு, எதை வேண்டுமானாலும் எடுத்துத் தேய். வந்துவிடு, சகாயம்.

ஜூலியட் கோபித்துக்கொண்டால் அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன்
சிலுவைராஜ்


கோயம்புத்தூர்
27.5.2004

என்னங்க,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே மூக்கம்மா பூத்திலிருந்து பேசிவிட்டாள். "அண்ணே மண்டபத்துல மைக் இல்லாமலே பேசிட்டாரு அக்கா" என்று ஆரம்பித்து முழுதும் சொன்னாள். எந்த பூத் என்று கேட்டேன். செண்பகனூர் பூத்தாம். ஆக, ஊருக்கே தெரிந்துவிட்டது.

கடிதத்தையும் படித்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, பிள்ளை கையில் கொடுத்தால் கிழிப்பான் என்று ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். நீங்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினதாக எழுதியிருந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நின்றிருக்கலாமே என்று இருந்தது.

ஜூலியட்டிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே போய் ஆக்னல் அம்மா பெயருக்கு டிக்கெட் போடச் சொன்னாள். அந்த அம்மாள் பெட்டியை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. பிள்ளையை விட்டு வருவதுதான் எனக்கு உயிரை அறுக்கிறது. அவனைப் பிளேன் ஏற்றிவிட்டு அழுதுகொண்டேதான் வருவேன், அழாதே என்று சொல்லாதீர்கள்.

பத்தாம் தேதி காலை பஸ் ஏறிப் பழனியில் மாறி வருகிறேன். பெருமாள்மலை நிறுத்தத்துக்கு வந்து நில்லுங்கள். என் ஸ்வெட்டரைக் கொண்டு வாருங்கள், பீரோவில் இரண்டாவது தட்டு. மறந்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு வந்து நிற்காதீர்கள்.

காசெல்லாம் கறுத்துவிடும் என்று பயந்திருக்கிறீர்கள். கறுத்தால் கறுக்கட்டும். ஆகஸ்டில் திருவிழா வருகிறது. பலகையின் நாலு திருகையும் கழற்றி வையுங்கள். புளி நான் வாங்கி வருகிறேன்.

சகாயம்